திங்கட்கிழமைக்கு ஒரு பாட்டில் தண்ணீர்

இராமநாதபுரம்
ஜூலை 18

மஸ்கட் மாநகரத்தின் அத்தனை ஏசி இயந்திரங்களையும் கட்டி மேய்க்கும் மருமகன் தனுஷ்கோடிக்கு, கல்லூரி வேதியியல் ஆய்வகத்தின் நானூறு கண்ணாடிக் குடுவைகளுக்கும் ஏக சக்கரவர்த்தியான உன் தாய்மாமன் பொன்னுச்சாமி எழுதிக்கொண்டது. நானும் நலம், குடுவைகளும் நலம். நேற்று ஒன்று உடைந்தது. அதற்குக் காரணம் காற்று. அப்படித்தான் பதிவேட்டிலும் எழுதியிருக்கிறேன்.

நீ அனுப்பிய பதினொரு நிமிடக் குரல் பதிவை மூன்று முறை கேட்டேன். முதல் இரண்டு முறையும் உன் பின்னால் யாரோ டிரில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். போனில் பதில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய். எனவே எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். எழுதினவனைக் குறுக்கே பேசி நிறுத்தியவன் இன்னும் பிறக்கவில்லை.

நீ சொன்னதன் சாரம் எனக்குப் புரிந்தது. "மாமா, மாரிச்செல்வி அங்கன போயி பேந்தப் பேந்த முழிக்கிறாளாம்ல. எல்லாம் இங்கிலீசுல ஓடுது, ஒண்ணும் புரியல, நான் உப்பளத்துக்கே போறேன்னு அம்மாட்ட அழுதிருக்கா. ஆயுத பூஜை முடிஞ்சு திருப்பூர் கம்பெனி வண்டி வருது. நம்ம ஊருப் பிள்ளைக ஆறு பேரு போகுதுக. படிப்பு ஏறலேன்னா இவளையும் ஏத்தி விட்டுருவோம். நீங்க காலேசுலதான கெடக்கீங்க. என்ன ஏதுன்னு பாத்துச் சொல்லுங்க" என்றாய். கிடக்கிறேன் என்ற சொல்லை மன்னிக்கிறேன். இருபத்தாறு வருடமாக அங்கே வீற்றிருக்கிறேன் என்பதே சரி.

உன் தங்கையை உளவு பார்க்கும் பொறுப்பை ஏற்றேன். ஆய்வகத்துக்கும் முதலாமாண்டு வகுப்பறைக்கும் நடுவில் ஒரு சன்னல் உண்டு. அதன் ஒரு கண்ணாடி இல்லை. அந்த ஓட்டை வழியாக உலகத்தில் நடப்பது எல்லாம் எனக்குத் தெரியும்.

இனி அறிக்கை. உன் தங்கை வாயைத் திறந்தால் வகுப்பே எழுந்து நிற்கிறது. நேற்று ஒரு மணி நேரத்தில் பதினேழு கேள்விகளுக்குப் பதில் சொன்னாள். பதினெட்டாவது கேள்விக்கு ஆசிரியருக்கே பதில் தெரியாமல் போய், இவளிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஆசிரியர் பெயர் கனகலட்சுமி. கிருஷ்ணகிரிப் பக்கம். இதுதான் முதல் வேலை. இவளைப் பார்த்து, "இந்தப் பிள்ளைக்கு நான் எதைச் சொல்லிக் கொடுக்க" என்று என்னிடம் கலங்கினார். நான் தேற்றி அனுப்பினேன்.

ஆகவே திருப்பூர் வண்டிக்காரனிடம் அவசரப்பட்டு எதையும் சொல்லாதே. வேளைக்குச் சாப்பிடு. உன் அம்மா, அதாவது என்னைச் சின்ன வயதில் கிணற்றில் தள்ளிவிட்ட என் அக்கா சோணையம்மாள், சௌக்கியம்.

மாறாத அன்பும் மட்டற்ற பெருமையும் கொண்ட
மாமன் பொன்னுச்சாமி


இராமநாதபுரம்
ஆகஸ்ட் 29

அருமை மருமகனுக்கு, நீ சூட்டிய "புளுகுமூட்டை" என்ற பட்டத்தைப் பணிவோடு ஏற்றுக்கொண்ட மாமன் எழுதுவது.

உன் கோபம் நியாயம்தான். நீ போனில் தங்கையிடம், "பதினேழு கேள்விக்குப் பதில் சொன்னியாம்ல" என்று கேட்டிருக்கிறாய். அவள், "நானா? இன்னும் வாயவே தொறக்கலையே" என்றிருக்கிறாள். உடனே எனக்கு ஒரு பதிவு: "மாமா, நீங்க சொன்னதுல ஒண்ணாச்சும் நெசமா?" நிஜம் உண்டு மருமகனே. சன்னல் நிஜம். அதில் கண்ணாடி இல்லாததும் நிஜம். நடுவில் இருப்பதில்தான் சில திருத்தங்கள் உள்ளன.

உன் தங்கை ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் வேறு யாரும் பேசவில்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள். நாற்பத்தெட்டுப் பிள்ளைகள். பாம்பனிலிருந்தும், உத்தரகோசமங்கையிலிருந்தும், மண்டபம் இலங்கை அகதிகள் முகாமிலிருந்தும் விடிவதற்கு முன்பே பஸ் ஏறி வந்து, நாற்பத்தெட்டு உப்பு மூட்டைகளைப்போல வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த அமைதியில் கூரைப் பல்லி தன் முட்டையை எங்கே இடலாம் என்று யோசிப்பதுகூட எனக்குக் கேட்டது.

கனகலட்சுமி மேடம் விடவில்லை. "புரியாதவங்க கை தூக்குங்க" என்றார். ஒரு கையும் எழவில்லை. "சரி, புரிஞ்சவங்க தூக்குங்க" என்றார். அதற்கும் எழவில்லை. புரிந்ததும் இல்லை, புரியாததும் இல்லை என்ற அந்த மகா நிலையை முனிவர்கள் காட்டில் நூறு வருடம் உட்கார்ந்து அடைந்ததாகச் சொல்வார்கள். நம் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே அடைந்துவிட்டார்கள்.

இரண்டாம் வாரம் எல்லோரும் தங்களை ஆங்கிலத்தில் அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றார். மறுநாள் பதினொரு பேர் லீவு. உன் தங்கையும் அதில் ஒருத்தி. மூன்றாம் வாரம் என்னை அனுப்பிக் கடலை மிட்டாய் வாங்கிவரச் சொன்னார். பதில் சொன்னால் ஒன்று. மணி அடித்தபோது டப்பா நிறைந்தபடியே இருந்தது. எறும்பு வந்துவிடக் கூடாதே என்ற ஒரே காரணத்தால் அதை நானே தின்று தீர்த்தேன். இடது பக்கக் கடைவாய்ப் பல் இன்றுவரை ஆடுகிறது.

அன்று மேடம் ஆய்வகத்துக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தார். "எனக்குச் சொல்லித் தர வரலைன்னு நினைக்கிறேன்" என்றார். நான் குடுவையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். யோசனை சொல்லவில்லை. என் யோசனைகள் எப்படிப்பட்டவை என்று உனக்குத் தெரியும்.

இதற்கு இடையில்தான் அந்தத் தவறு நடந்துகொண்டிருந்தது. அது தவறு என்பதே அப்போது யாருக்கும் தெரியாது.

வருகைப் பட்டியலில் முதல் பெயர் ஜீவிதன். மண்டபம் முகாமில் பிறந்து வளர்ந்த பையன். முதல் நாள் மேடம் பெயரைக் கூப்பிட்டதும் அவன் எழுந்தான். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை நெஞ்சுக்கு நேரே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான். முகாமில் ஆள் சரிபார்க்கும் நாளில் அவன் வீட்டில் அப்படித்தானாம். அட்டையும் ஆளும் ஒன்றாக நிற்க வேண்டும். வந்தவர் அட்டையைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, குறித்துக்கொண்ட பிறகுதான் உட்காரலாம். மேடம் பதிவேட்டில் கண்ணை வைத்தபடியே அடுத்த பெயருக்குப் போகப் பார்த்தார். இவன் மெதுவாக, "மேடம், நீங்க முகத்தைப் பாக்கேல்லையே" என்றான். மேடம் நிமிர்ந்து பார்த்தார். உட்கார்ந்தான்.

அடுத்தவன் பாம்பன் தவ்ஃபீக். இதுதான் கல்லூரிச் சட்டம் போலிருக்கிறது என்று அவனும் அட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். பிறகு நாற்பத்தாறு பேரும் அப்படியே. கிருஷ்ணகிரியிலிருந்து புதிதாக வந்த மேடமோ இது இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். பிள்ளைகள் மேடத்துக்குக் கட்டுப்பட்டார்கள், மேடம் பிள்ளைகளுக்குக் கட்டுப்பட்டார். ஒரு மாதம் முழுக்க தினமும் வருகை எடுக்க இருபது நிமிடம். நான் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். இவ்வளவு நல்ல கூத்தை யாராவது நிறுத்துவார்களா?

கடலை மிட்டாய் தோற்ற மறுநாள் மேடம் ஒன்று செய்தார். ஜீவிதன் எழுந்து நின்றபோது முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு உங்க பக்கம் என்ன?" என்று கேட்டார். அவன் திகைத்து, "ராத்திரி கரண்ட் இல்ல மேடம்" என்றான். அவ்வளவுதான், உட்கார்ந்தான். தவ்ஃபீக்கிடம் கேட்டபோது, "நேத்து போட்டு கரைக்கு வந்துச்சு மேடம், நண்டு நெறைய" என்றான். அவன் செவ்வாயும் வியாழனும் மட்டும் பிந்தி வருவது ஏன் என்று மேடத்துக்கு அன்றுதான் விளங்கியது. அந்த இரண்டு காலைகளில்தான் விசைப்படகு மீனோடு திரும்புகிறது. இவன் மீனைத் தரம் பிரித்துப் போட்டுவிட்டு, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் பஸ் ஏறுகிறான். மேடம் அந்த இரண்டு நாள் பாடத்தை மதியத்துக்கு மாற்றிக்கொண்டார்.

ஒரு வாரத்தில் பல்லிக்கு நிம்மதி போயிற்று. உத்தரகோசமங்கைப் பையன் கிடை ஆடு காணாமல் போன கதையை மூன்று நாள் தொடராகச் சொன்னான். நான்காம் நாள் ஆடு கிடைத்துவிட்டது என்றதும் வகுப்பே கை தட்டியது. அதே வேகத்தில் மேடம் அணு எடையைப் பற்றிக் கேட்டார். நான்கு பேர் பதில் சொன்னார்கள். இரண்டு தவறு. ஆனால் சொன்னார்கள்.

உன் தங்கை? கேட்காமல் இருக்க மாட்டாய். தினமும் எழுகிறாள், அட்டையைப் பிடிக்கிறாள். மேடம் கேட்கிறார். "ஒண்ணுமில்ல மேடம்" என்கிறாள். பதினாறு நாளாக அதே இரண்டு சொல். அதிலும் ஒரு நாள் "மேடம்" விடுபட்டுப் போயிற்று. இந்த எண்ணிக்கையில் ஒரு சொல்கூட நான் சேர்க்கவில்லை.

வண்டிக்காரனுக்கு முன்பணம் எதுவும் அனுப்பிவிடாதே. அவள் பேசும் நாளில் உனக்குத் தந்தி அடிப்பேன். தந்தி ஆபீஸை மூடிவிட்டார்கள் என்று நீ சொல்லலாம். எனக்காகத் திறப்பார்கள்.

ஆடும் பல்லோடு,
மாமன் பொன்னுச்சாமி


வாலிநோக்கம்
அக்டோபர் 1

அன்புள்ள தனுஷ்கோடிக்கு, மாமன் எழுதுவது. ஆயுத பூஜைக்கு அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறேன். உன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, முழங்காலில் அட்டை வைத்து எழுதுகிறேன். அதனால் கையெழுத்து என் தகுதிக்கு இருக்காது.

சக்கரவர்த்தி, தந்தி எல்லாம் இந்தத் தடவை கிடையாது. பெருக்கிச் சொன்னால் நீ நம்ப மாட்டாய். நீ நம்ப வேண்டிய விஷயம் மிகச் சிறியது. அதைப் பெருக்கினால் காணாமல் போய்விடும்.

செப்டம்பர் நடுவில் துறைத் தலைவர் எங்கள் தளத்தைச் சுற்றிப் பார்க்க வந்தார். ஒவ்வொரு பிள்ளையும் அட்டையோடு எழுந்து நிற்பதையும், மேடம் ஆட்டைப் பற்றி விசாரிப்பதையும் பார்த்தார். "இது என்ன போலீஸ் ஸ்டேஷனா, சந்தையா? நம்பரைக் கூப்பிட்டா ஆமான்னு சொல்லிட்டுப் போறதுக்கு இருபது நிமிசமா?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. பாடப்பகுதி பாதிகூட முடியவில்லை. அப்போதுதான் மேடத்துக்கு இது கல்லூரிச் சட்டமே இல்லை என்று தெரிந்தது. பிள்ளைகளுக்கும் தெரிந்தது. ஜீவிதன் தலை குனிந்துகொண்டான். யாரும் சிரிக்கவில்லை.

மறுநாளிலிருந்து எண்கள். இரண்டே நிமிடத்தில் முடிந்தது. மிச்சமான பதினெட்டு நிமிடத்தையும் அமைதியே தின்றது. நாற்பத்தெட்டு மூட்டைகள் மறுபடி தங்கள் இடத்தில் உட்கார்ந்துகொண்டன. மேடம் கேள்வி கேட்டு, காத்திருந்து, தானே பதில் சொல்லி, தானே எழுதிப் போட்டார். அப்படி ஒன்பது நாள். உன் தங்கை அந்த "ஒண்ணுமில்ல மேடம்" என்ற இரண்டு சொல்லையும் இழந்தாள். வீட்டில் அம்மாவிடம், "வண்டி எத்தன மணிக்கு வரும்" என்று கேட்டிருக்கிறாள். பையை எடுத்துத் தூசி தட்டி வைத்தது நீ சொல்லியல்ல, அவளாகவே.

நேற்று, செவ்வாய்க்கிழமை மதியம். நான் தராசுகளுக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தேன். சன்னலுக்கு அந்தப் பக்கம் படிகமாக்கல் பாடம். கரைசலைக் காய வைத்தால் படிகம் எப்படி வருகிறது என்பது. மேடம் இங்குள்ள பிள்ளைகளுக்குப் புரியட்டுமே என்று உப்பளத்தையே எடுத்துக்காட்டினார். பாத்தியில் கடல் தண்ணீர் காயும், காயக் காய உப்பு விழும், தண்ணீர் முழுசும் வற்றிவிட்டால் மொத்த உப்பும் கையில் என்றார். எழுதவும் செய்தார்.

பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன்.

மாரிச்செல்வி எழுந்து நின்றாள். அட்டையை நெஞ்சுக்கு நேரே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. பேசுவதற்கு எப்படி எழுந்து நிற்பது என்று அவளுக்கு வேறு வழி தெரியாது போலிருக்கிறது.

மேடம், வருகையில் விட்டுப்போய்விட்டதோ என்று நினைத்து, "குறிச்சுட்டேனே, உட்காரும்மா" என்றார். அவள் உட்காரவில்லை. "முழுசா காய விட மாட்டோம் மேடம்" என்றாள். "கடைசியா கொஞ்சம் தண்ணி நிக்கும். அத வெட்டி வெளிய விட்டுருவோம். விடலேன்னா உப்பு கசந்து போயிரும். மூட்டையில கட்டி வச்சாலும் கசிஞ்சுக்கிட்டே கெடக்கும்."

மேடம் எழுதியதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அது என்ன தண்ணி?" என்றார்.

"தெரியல மேடம். எங்க அம்மாவுக்கும் தெரியாது, விடணும்னு மட்டுந்தான் தெரியும்" என்றாள். பிறகு, "எல்லாம் ஒரே கடல் தண்ணிதான? அது மட்டும் ஏன் உப்பாகாம நிக்குது? அதத்தான் கேக்குறேன்" என்றாள்.

இவ்வளவுதான் அவள் பேசியது. பதினேழு கேள்விக்குப் பதில் அல்ல. ஒரே ஒரு கேள்வி.

தவ்ஃபீக் பின் பெஞ்சிலிருந்து அட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "மேடம், கருவாடு போடுற உப்புலயும் சில சமயம் அது உண்டு. அந்த உப்புப் போட்டா மீனு காயவே காயாது" என்றான். மூன்றாவதாக எழுந்தவன் ஜீவிதன். அவன் சொன்னது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. கேட்டதாக எழுதலாம். எழுதவில்லை.

மேடம் தான் எழுதியதில் "முழுசும்" என்ற சொல்லை மட்டும் அழித்தார். சாக்பீஸை வைத்துவிட்டு முதல் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். "இப்ப நான் பதில் சொல்ல மாட்டேன். மாரிச்செல்வி, அந்தத் தண்ணிய ஒரு பாட்டில்ல கொண்டு வா. திங்கக்கிழமை ஆய்வகத்துல எல்லாருமா சேர்ந்து பார்ப்போம், அதுக்குள்ள என்னதான் இருக்குன்னு. கொண்டு வருவியா?" என்றார்.

அவள், "கொண்டு வாரேன் மேடம்" என்றாள். உட்கார்ந்த பிறகும் அட்டையை விடவில்லை.

ஞாயிறு வரை விடுமுறை என்பதால் இன்று காலையிலேயே உப்பளத்துக்குப் போய்விட்டாள். மழைக்கு முன் கடைசியாக வாருகிற பாத்தி. அம்மா வடிகாலை வெட்டி விடப் போகும்போது, "இரும்மா" என்று நிறுத்தி, பாட்டிலை முக்கி எடுத்திருக்கிறாள். அக்கா என்னிடம், "எதுக்குடா தம்பி இந்தக் கசப்புத் தண்ணி? காலங்காலமா தூரக் கொட்டுறத இவ வீட்டுக்குள்ள கொண்டு வாரா" என்றாள். எனக்குத் தெரியாது என்றேன்.

அது பொய். அந்தத் தண்ணீரில் இருப்பது என்ன என்று எனக்குத் தெரியும். அதே பொருள் என் அலமாரியின் மூன்றாம் தட்டில் ஒரு பாட்டிலில் பெயர் ஒட்டி நிற்கிறது. இருபத்தாறு வருடமாகத் தூசி துடைக்கிறேன். மழைக்காலத்தில் மூடி சரியாக இல்லாவிட்டால் அதுவும் கசிந்துதான் கிடக்கும். நேற்று மாலை பஸ் ஸ்டாண்டு வரை என்னோடு நடந்து வந்தவள், "மாமா, ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். ஊரில் யார் எதைக் கேட்டாலும் தெரியும் என்று சொல்லும் வாய் இது. தெரியாது என்றேன். திங்கட்கிழமை அவள் தானே பார்க்கட்டும்.

இப்போது பூஜை முடிந்திருக்கிறது. சாமி படத்துக்கு முன்னால் அக்கா உப்பு வாரும் வாருபலகை இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் மாரிச்செல்வியின் புத்தகங்கள். புத்தகங்களுக்கு மேலே அந்தப் பாட்டில், மூடியை இறுக்கி, குங்குமம் வைத்து. அதற்கும் பக்கத்தில் திருப்பூருக்கு எடுத்து வைத்த பை. அதற்கும் குங்குமம் வைத்திருக்கிறாள். எதை எடுத்துக்கொண்டு கிளம்புவது என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை. நீ சொல்வாய் என்று இருக்கிறாள். வண்டிக்காரன் காலையில் போன் செய்து சனிக்கிழமை ஐந்து மணிக்குத் தயாராக இருக்கச் சொன்னான். அக்கா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "அவ அண்ணன் சொல்லட்டும்" என்று வைத்துவிட்டாள்.

நான் உன்னை வற்புறுத்த மாட்டேன். குடும்பத்துக்கு வெயிலில் நின்று சம்பாதிக்கிறவன் நீ. திருப்பூர் போன பிள்ளைகளும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். அவளுக்கும் வேலை வரும். நாலு பேரோடு இருப்பாள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

எனக்கு ஒரு விவரம் மட்டும் தெரிய வேண்டும். சனிக்கிழமை வண்டி. திங்கட்கிழமை வகுப்பு. பாட்டில் தயார். திங்கட்கிழமை காலை வாலிநோக்கத்திலிருந்து அதை யார் கொண்டு வருவது என்று சொல்லி அனுப்பு. குரல் பதிவு போதும், நீளமாக வேண்டாம். நான்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்றால் அதையும் செய்கிறேன். ஆனால் மேடம் முன்னால் எழுந்து நிற்க எனக்கு அடையாள அட்டை கிடையாது.

நீயும் உன் கைவேலையும் நன்றாயிருக்க வேண்டும் என்று இன்று அந்தப் படத்துக்கு முன்னால் சொல்லிக்கொண்டேன்.

மாமன்
பொன்னுச்சாமி